வண்டியும் கப்பலேறியது

யார் எதை விட்டுக்கொடுத்தாலும் சரி, தம் மோட்டார் சைக்கிளை மட்டும் விட்டுவிட்டு வெளிநாடு போவதில்லை என்று சூப்பிரண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்குத் தீர்மானித்தார். அப்போது பாதி முகத்தில் சோப்பு நுரை இருந்தது. அவர் வாழ்க்கையின் பெரிய தீர்மானங்கள் எல்லாமே பாதிச் சவரத்தில் எடுக்கப்பட்டவை. மீதிப் பாதியை மழித்து முடிப்பதற்குள் அவற்றில் பல காலமாகிவிடும். இது மட்டும் முகம் கழுவிய பிறகும் உயிரோடு இருந்தது.

அவர் நிஜமாகவே சூப்பிரண்டுதான். ஒரு பெரிய அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர். பதவி உயர்வு வந்த நாளிலிருந்து தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, இப்போது மாமியார்கூட "சூப்பிரண்டு சாப்பிட்டாச்சா" என்றுதான் விசாரிக்கிறார்.

மனைவி மருத்துவமனையில் மருந்தாளர். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதோடு விடமாட்டாள். அதில் தப்பு இருந்தால் அந்த டாக்டரையே கூப்பிட்டுத் திருத்தி எழுதவைப்பாள். இந்தப் புகழ் எப்படியோ கடல் கடந்து, ஒரு மருத்துவமனை அவளைத் தலைமை மருந்தாளராக வரச் சொல்லிக் கடிதம் போட்டது. தங்க வீடு உண்டு. விமான டிக்கெட் உண்டு. வீட்டுச் சாமான்களைக் கப்பலில் கொண்டுவரலாம். பட்டியலில் கடைசியாக, சாமான்களுக்கும் கீழே, கணவரையும் கொண்டுவரலாம் என்று போட்டிருந்தது.

சூப்பிரண்டு நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். விசா வந்தது. அவர் பெயருக்கு எதிரே "சார்ந்திருப்பவர்" என்று அச்சாகியிருந்தது. நாலு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாவது தடவையும் படித்தார். அப்போதும் அப்படியேதான் இருந்தது.

அன்றைக்குத்தான் வண்டி அவருக்கு வெறும் வண்டியாக இல்லாமல் போனது. எந்த வீட்டுக்குக் குடிபோவது, யார் கல்யாணத்துக்குப் போவது, கல்யாணத்துக்கு அவர் எந்தச் சட்டையைப் போடுவது எல்லாம் மனைவியின் இலாகா. அதில் அவருக்குப் புகார் இல்லை. முடிவெடுக்கிற தலைவலி மிச்சம் என்று அலுவலகத்தில் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் அவர் முன்னால், அவள் பின்னால். கல்யாணமான புதிதில் ஒரு தடவை, "நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். "இது பொம்பளைங்க தாங்கற கனம் இல்லம்மா" என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லிவிட்டார். பிறகு அவள் கேட்கவில்லை. பதினெட்டு வருஷமாகக் கேட்காதவள் மறந்திருப்பாள் என்பது அவர் நினைப்பு.

ஆக, உலகத்தில் அவர் முன்னால் இருந்த இடம் அந்தச் சீட்டு ஒன்றுதான். போகிற ஊரில் அதுவும் இல்லையென்றால், நீ யார் என்று எவனாவது கேட்கும்போது விசாவை எடுத்துக் காட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. இதை நினைத்து அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

காலைக் காபியின்போது விஷயத்தைச் சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"வண்டியை என்ன பண்றது?"

"எந்த வண்டி?"

"வீட்ல எத்தனை வண்டி நிக்குது? என் வண்டி."

"உங்க வண்டியை என்ன பண்றதுன்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்வேன்?"

"கப்பல்ல போட்டுக் கொண்டு போயிடலாம்னு பாக்கறேன்."

அவள் இன்னொரு வாய் காபி குடித்தாள். "யோசிக்கலாம்" என்றாள்.

அந்த வீட்டில் "யோசிக்கலாம்" என்பது தேதி போடாத மறுப்பு. மொட்டை மாடியில் ஓர் அறை கட்டுவது, புறா வளர்ப்பது, அவருடைய கல்லூரித் தோழனை ஒரு வாரம் தங்கவைப்பது எல்லாம் பத்து வருஷமாக யோசனையில் இருக்கின்றன. தோழன் இதற்குள் தாத்தாவாகிவிட்டான்.

மறுநாள் சூப்பிரண்டு தம் கட்சியை எடுத்து வைத்தார். அந்த எஞ்சினின் சத்தம் இன்றைக்கு எந்தப் புது வண்டியில் வருகிறது என்று கேட்டார். இரும்பு அந்தக் காலத்து இரும்பு என்றார். அவள் மறுத்துப் பேசவில்லை. நோயாளியிடம் விசாரிப்பதுபோலச் சில கேள்விகள் மட்டும் கேட்டாள். அனுப்புகிற செலவில் அங்கேயே ஒரு புது வண்டி வாங்கலாமா? அங்கே வருஷத்தில் பாதி நாள் மழையாமே, நனையலாமா? ஏதாவது உடைந்தால் மாற்றுச் சாமான் எந்தக் கண்டத்திலிருந்து வரும்? எல்லாவற்றுக்கும் சூப்பிரண்டு பதில் சொன்னார். எதுவும் பதிலாக இல்லை என்பது அவருக்கே கேட்டது.

இதற்கிடையில் மச்சினன் மோப்பம் பிடித்துவிட்டான். மனைவியின் தம்பி. ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஆறடி உயரம். மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பவன் வாரத்துக்கு நாலு நாள் வர ஆரம்பித்தான். சூப்பிரண்டு அலுவலக வேனில்தான் வேலைக்குப் போவார். வண்டியை அலுவலக வாசல் வெயிலில் காயப்போட அவருக்கு மனசு வராது. வேன் தெருமுனை திரும்பும்போது மச்சினன் எதிரே வருவான். வாயெல்லாம் பல்லாகக் கையை ஆட்டுவான்.

"வண்டியைப் பத்திக் கவலையே படாதீங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

இந்த "பாத்துக்கறேன்" காதில் விழுந்ததிலிருந்து சூப்பிரண்டு தினமும் டாங்க் மூடியைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். டாங்கில் பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏறி உட்கார்ந்தால், பக்கக் கண்ணாடிகளில் ரோட்டுக்குப் பதிலாக அவருடைய வயிறுதான் தெரிந்தது. யாரோ கண்ணாடியைத் தாழ்த்தியிருக்கிறார்கள். கூப்பிட்டு அதட்டினார். மச்சினன் உடனே ஒப்புக்கொண்டான். ஓடாமல் நின்றால் பேட்டரி போய்விடும், அதனால்தான் சும்மா ஒரு ரவுண்டு என்றான். ஆறடி ஆளுக்குக் கண்ணாடியை எதற்கு இறக்க வேண்டும் என்று சூப்பிரண்டு யோசித்திருக்கலாம். ஆனால் அவர் துப்பறியும் பிரிவு அல்ல, பதிவேட்டுப் பிரிவு.

வண்டியை விட்டுவிட்டுப் போனால் இவன்தான் இதன்மேல் ஊர்வலம் போவான் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. அன்றோடு தீர்மானம் வைராக்கியமாயிற்று.

அடுத்த வாரம் சாமான் கட்டி அனுப்பும் கம்பெனியிலிருந்து ஏஜென்ட் அளவெடுக்க வந்தார். நேரம் குறித்துக் கொடுத்தது மனைவி. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கே டியூட்டி இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக சூப்பிரண்டு நினைத்தார். கட்டில், பீரோ எல்லாவற்றையும் அளந்து முடிந்ததும் ஏஜென்ட்டை நைசாக வண்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

ஏஜென்ட் டேப்பை வைத்து நீள அகலம் பார்த்தார். தாராளமாகப் போகும் என்றார். பெட்ரோலை வடிக்க வேண்டும், பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், டயர் இடுக்கில்கூட ஒரு பொட்டு மண் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சூப்பிரண்டு தலையாட்டினார்.

"வண்டி யார் பேர்ல சார் இருக்கு?"

"என் பேர்லதான். வேற யார் பேர்ல இருக்கும்?"

"நல்லதாப் போச்சு. அங்க வேலைக்குப் போறவங்க பேர்ல இருந்தாத்தான் வரி இல்லாம விடுவாங்க. நீங்கதானே சார் வேலைக்குப் போறீங்க?"

சூப்பிரண்டு தொண்டையைச் செருமினார். டயரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். வேலைக்குப் போவது அவர் அல்ல என்பதை எத்தனை மெதுவாகச் சொல்ல முடியுமோ அத்தனை மெதுவாகச் சொன்னார். அப்படியானால் மேடம் பேருக்கு மாற்றிவிடுங்கள், படிவத்தில் அவர்கள் கையெழுத்து இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு ஏஜென்ட் டேப்பைச் சுருட்டினார். வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். ஆனால் கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் சூப்பிரண்டின் முதுகு நிமிர்ந்தது. ஏனென்றால் உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே கலை அதுதான்.

இருபத்திரண்டு வருஷமாக மேலதிகாரிகளிடம் கையெழுத்து வாங்கிப் பழகியவர். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். காலையில் போகக் கூடாது. அதிகாரி சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகும் வேளையில் போக வேண்டும். சிக்கலான காகிதத்தை மேலேயும் வைக்கக் கூடாது, அடியிலும் வைக்கக் கூடாது. நடுவில், சாதுவான இரண்டு காகிதங்களுக்கு இடையில் வைக்க வேண்டும். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி தாள்களைப் படிப்படியாக அடுக்கி, கையெழுத்து விழ விழ வேறு ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த முறையில் ஓர் அதிகாரி தம்முடைய சொந்த இடமாற்ற உத்தரவிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து யார் செய்த வேலை இது என்று குதித்தார். கையெழுத்தைக் காட்டினார்கள். பெட்டியைக் கட்டினார்.

விசா, வேலை, வீடு என்று மனைவி கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. சூப்பிரண்டு வண்டியின் பெயர் மாற்றப் படிவத்தைத் தாமே தம் முத்தான கையெழுத்தில் நிரப்பினார். "இவ்வாகனத்தின் மீதான எனது உரிமை முழுவதையும் மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன்" என்ற வரிக்குக் கீழே தம் கையெழுத்தைப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். பிறகு அதைத் தடுப்பூசிச் சான்றுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் நடுவில் படுக்கவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்து அவள் நாற்காலியில் சாய்ந்த நேரம் பார்த்துக் காகிதக் கட்டை நீட்டினார்.

"இதெல்லாம் நாளைக்கே அனுப்பணுமாம். சும்மா கையெழுத்துதான்."

"குடுங்க."

அவள் போட ஆரம்பித்தாள். இவர் பேச ஆரம்பித்தார். மாமியாரின் முட்டி வலியை அக்கறையாக விசாரித்தார். எந்த முட்டி, எப்போதிலிருந்து, தைலம் தேய்த்துப் பார்த்தார்களா என்று கேட்டார். பதினெட்டு வருஷத்தில் அவர் அந்த முட்டியைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே பேனாவை ஓட்டினாள். அந்தக் காகிதம் வந்தபோது சூப்பிரண்டு தைலத்தின் பெயரை இரண்டு தடவை கேட்டார். பேனா அதைத் தாண்டிப் போய்விட்டது.

"ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு."

"அம்மாவோட எந்த முட்டின்னு சொன்னேன்?"

சூப்பிரண்டுக்கு நினைவில்லை. காகிதங்களை அள்ளிக்கொண்டு கூடத்தைவிட்டு வெளியேறினார்.

இரண்டு வாரத்தில் வண்டியின் புதுப் பதிவுச் சான்று தபாலில் வந்தது. தபால்காரரை வாசலிலேயே மடக்கி வாங்கி ஃபைலுக்குள் ஒளித்துவைத்தார். தன் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிள் இருப்பதே தெரியாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்ன சிரிப்பு என்று அவள் கேட்டாள். அலுவலகத்தில் ஒரு ஜோக் என்றார். அப்படியே பேச்சோடு பேச்சாக, கப்பலில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறதாம், வண்டியையும் போட்டுவிடலாமா என்று விட்டுப் பார்த்தார்.

"அவ்வளவு ஆசையா இருந்தா போட்டுக்கங்க" என்றாள் அவள். சோபாவைத் தம்பிக்குக் கொடுத்து அந்த இடத்தையும் ஒழித்துத் தந்தாள். தம் வாதத் திறமை கடைசியில் கல்லையும் கரைத்துவிட்டது என்று சூப்பிரண்டு முடிவுகட்டினார்.

அடுத்து வந்த மூன்று வாரமும் அவர் வாசலில் குந்தியே இருந்தார். பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சக்கரக் கம்பிகளுக்கு இடையில், சங்கிலிக் கண்ணிகளுக்குள், மட்கார்டின் அடிவயிற்றில் மண் தேடினார். தம் பல்லைக்கூட அவர் அப்படித் தேய்த்தவர் அல்ல. மச்சினன் பக்கத்தில் நின்று, "அந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சு மாமா" என்று காட்டிக் கொடுத்தான். வண்டி கை நழுவிப் போகிற வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று சூப்பிரண்டு பெருந்தன்மையோடு மன்னித்தார். தேய்த்துத் தேய்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. மனைவி மருந்து கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். இவ்வளவு சிரத்தையாக நீங்கள் எந்த வேலையும் செய்து பார்த்ததில்லை என்று பாராட்டவும் செய்தாள்.

வண்டி கப்பலேறியது. இவர்கள் விமானம் ஏறினார்கள். இரண்டு மாதம் அந்த ஊரில் சூப்பிரண்டு பஸ்ஸில் மனைவிக்குப் பின்னாலேயே ஏறி, மனைவிக்குப் பின்னாலேயே இறங்கினார். டிக்கெட் எடுப்பதும் அவள், எந்த நிறுத்தம் என்று கேட்பதும் அவள். அந்த ஊர் மொழியை அவள் வேலைக்காகப் பரீட்சை எழுதிக் கற்றிருந்தாள். இவருக்கு "வணக்கம்" வரை வரும். பரவாயில்லை, வண்டி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டினார்.

வண்டி வந்துவிட்டதாகத் துறைமுகக் கிடங்கிலிருந்து தகவல் வந்த அன்று காலையிலேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். மனைவியும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். அவள் தோளில் ஒரு பெரிய பை தொங்கியது.

கிடங்கு அதிகாரி காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெயர் மாற்றப் படிவத்தின் நகல் வந்தது. தம் கலைப் படைப்பை ரசிக்க சூப்பிரண்டு எட்டிப் பார்த்தார். வண்டியின் சேஸிஸ் எண்ணில் ஓர் எட்டு அடிக்கப்பட்டு மேலே மூன்று என்று திருத்தியிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் மனைவியின் சுருக்கக் கையொப்பம்.

"இது என்ன?" என்றார்.

"மூணை எட்டுன்னு எழுதியிருந்தீங்க. அன்னிக்கு ராத்திரி நீங்க தூங்கினப்புறம் எடுத்துத் திருத்தினேன். அப்படியே விட்டிருந்தா வண்டி இங்க மாட்டியிருக்கும்."

"அப்ப நீ... படிச்சியா?"

"டாக்டர் எழுதறதையே படிக்கிறேன். உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. இதைப் படிக்க மாட்டேனா?"

அதற்குள் அதிகாரி ஏதோ சொல்லிச் சிரித்தார். இவ்வளவு சிரமப்பட்டுப் பெயரை மாற்றியிருக்கவே வேண்டாமாம், குடும்பத்தில் யார் பெயரில் இருந்தாலும் வரி கிடையாதாம் என்று அவள் எடுத்துச் சொன்னாள்.

"உன் பேர்லதான் இருக்கணும்னு அந்த ஏஜென்ட் சொன்னாரே."

"அவர் பாவம். அவங்க அம்மாவுக்கு மாசாமாசம் நான்தான் மருந்து எடுத்துத் தரேன். நான் சொல்லச் சொன்னதைச் சொன்னாரு."

சூப்பிரண்டு அங்கிருந்த ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறார். அடியில் இரண்டு கோடு இழுத்து வைத்துக்கொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அவருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

கிடங்குக்காரர் பேட்டரி ஒயரை மாட்டி, பெட்ரோல் ஊற்றி வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்று வாரம் தேய்த்த தேய்ப்பில் வண்டி பளபளவென்று நின்றது. அவள் பையிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்தாள். பிறகு ஒரு லைசென்ஸை எடுத்தாள். அதில் அவளுடைய படம் இருந்தது. தம்பி மூன்று மாதம் பக்கத்து மைதானத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தான் என்றாள். இறங்கிப்போன பெட்ரோலும் இறங்கிவந்த கண்ணாடியும் சூப்பிரண்டின் கண்முன்னால் ஒரு தடவை வந்து போயின.

காலை ஆறு மணிக்கு டியூட்டி, ஏழு மணிக்குத்தான் முதல் பஸ், அதனால் வண்டி இல்லாமல் முடியாது என்றாள். நான் கொண்டுவந்து விட மாட்டேனா என்று கேட்டார். விடலாம், ஆனால் வேலைக்கு வந்தவர்களின் லைசென்ஸைத்தான் இங்கே உடனே மாற்றித் தருவார்கள், கூட வந்தவர்கள் ஆறு மாதம் இருந்து டெஸ்ட் எழுத வேண்டும் என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. அவருக்கு அது ஒருநாளும் ஒரே உதையில் கிளம்பியதில்லை.

"ஏறுங்க."

சூப்பிரண்டு ஏறினார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் தம் தொடையில் வைத்தார், பிறகு சீட்டைப் பிடித்தார், வண்டி நகர்ந்ததும் அவள் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நன்றாகத்தான் ஓட்டினாள். குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று வாசல்வரை தேடினார்.

வாசல் காவலாளி வயதானவர். தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டு வண்டியை மேலும் கீழும் பார்த்து அவளிடம் என்னவோ கேட்டார். அவள் தலையால் பின்னால் காட்டிப் பதில் சொன்னாள். காவலாளி சூப்பிரண்டைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார்.

"என்ன கேட்டார்?"

"இவ்வளவு பெரிய வண்டியை இவ்வளவு நல்லா ஓட்ட யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரர்தான்னு சொன்னேன்."

சூப்பிரண்டுக்கு நெஞ்சு விம்மியது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான் என்று நினைத்தார். இரண்டு மாதத்தில் முதல் முறையாக முதுகை நிமிர்த்தி, தெருவைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"அப்படியா சொன்ன?"

"பின்ன? பின்னாடி உக்காந்திருக்கறவருக்கும் ஒரு மரியாதை வேணும்ல" என்று சொல்லிவிட்டு அவள் கியரை மாற்றினாள்.